கல் கூறும் சான்று

பண்டை மன்னர்கள் தம் ஆணைகளையும் அறக்கொடைகளையும் கல்லில் பொறித்து வைத்தனர். ஓலை செல்லரித்துப் போகும். செப்பேடு களவு போகும். கல்லோ நெடுங்காலம் நிலைத்து நிற்கும் என்பது அவர்தம் கருத்து. கோயிற் சுவர்களில் உளிகொண்டு வெட்டிய அவ்வெழுத்துகளைப் படித்தே நம் நாட்டு வரலாற்றின் பெரும்பகுதியை அறிஞர் அறிந்தனர். ஆயின், மனிதர் எவரும் எழுதாத கணக்கொன்றும் கல்லினுள் உண்டு. அதனை எழுதுவது கதிரியக்கம். அக்கணக்கு கண்ணுக்குப் புலனாகாது, கைக்கும் தட்டுப்படாது. கல்லைச் சூடேற்றினால் அது மங்கிய ஒளியாய் வெளிப்படும். ஒரே ஒரு முறை தன்னைப் படிக்கத் தந்து, பின் அழிந்துவிடும். இந்நிகழ்ச்சியை வெப்ப ஒளிர்வு என்பர் அறிவியலார்.

சூடேறிய பொருள் ஒளிர்வதில் வியப்பென்ன? கொல்லன் உலையிலிட்ட இரும்பும் செந்நிறமாய் ஒளிர்கின்றதன்றோ எனச் சிலர் வினவலாம். இவ்விரண்டும் வேறு வேறானவை. இரும்பு செந்நிறம் பெறுவதற்கு 500 பாகை செண்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அதனை எத்தனை முறை காய்ச்சினாலும் அத்தனை முறையும் அது ஒளிரும். வெப்ப ஒளிர்வோ அத்தகையதன்று. அது சில வகைக் கனிமங்களில் மட்டுமே காணப்படுவது. செஞ்சூடு வருவதற்கு முன்னரே தோன்றுவது. ஒருமுறை ஒளிர்ந்த கல்லை ஆறவிட்டு மீண்டும் அதே அளவு சூடேற்றினால், அவ்வொளி மீண்டும் தோன்றாது. இவ்வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். ஏனெனில், இதன் பயன் முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

இவ்வொளியை ஆராய்ந்து எழுதிவைத்த முற்கால அறிஞருள் இராபர்ட் பாயில் என்பவர் ஒருவர். 1663-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் கிளேட்டன் என்பவருக்கு உரிய வைரம் ஒன்றைப் பெற்றுப் பலவாறு சோதித்தார். ஓரிரவு அவ்வைரத்தைப் படுக்கைக்கே எடுத்துச் சென்று, தம் உடலின் வெம்மையான பகுதியில் நெடுநேரம் அழுத்தி வைத்திருந்தார். உடற்சூட்டினாலேயே அது இருளில் மினுமினுத்தது. இதனை அவர் இலண்டன் நகரிலிருந்த இராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்தார்க்கு அறிவித்தார். ஆயினும், அவ்வொளி எங்கிருந்து வந்தது என்பதை அவர் காலத்தில் எவராலும் கூற இயலவில்லை. கதிரியக்கம் என்பதே அந்நாளில் அறியப்படாத ஒன்று.

ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்குப் பின்னர், இம்மறைபொருளின் திறவுகோல் கிடைத்தது. ரேடியத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகிய மேரி கியூரி அம்மையார், 1903-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் அளித்த ஆய்வுரையில் ஓர் உண்மையைக் குறிப்பிட்டார். புளூரைட்டு என்னும் கனிமத்தைச் சூடேற்றினால் ஒளிரும். சிறிது நேரத்தில் அவ்வொளி அற்றுப்போகும். அவ்வாறு ஒளியிழந்த கல்லின்மேல் ரேடியத்தின் கதிர்களை விழச் செய்தால், சூட்டினால் ஒளிரும் ஆற்றலை அது மீண்டும் பெறும். இதனால் நாம் அறிவது யாது? ஒளிக்கு வேண்டிய ஆற்றலைத் தந்தது வெப்பமன்று. கதிர்களே அதனைத் தந்தன. வெப்பம் பெட்டியைத் திறக்கும் திறவுகோல் மட்டுமே. பெட்டியினுள் பொருளை வைத்தது கதிரியக்கம்.

அப்பெட்டி எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இனிக் காண்போம். படிகம் என்பது அணுக்கள் வரிசை பிறழாமல் அடுக்கப்பட்ட பொருள். ஆயினும், இயற்கையில் குறையே இல்லாத படிகம் கிடைப்பதரிது. ஓரிடத்தில் இருக்க வேண்டிய அணு இல்லாமற் போயிருக்கும். மற்றோரிடத்தில் வேற்றணு ஒன்று புகுந்திருக்கும். கதிர் ஒன்று படிகத்தினுள் பாயும்போது, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் தம் நிலையினின்றும் பெயர்க்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உடனே தத்தம் நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. சில மட்டும், மேற்கூறிய குறைகள் உள்ள இடங்களில் சிக்கிக் கொள்கின்றன. சிக்கியவை தாமாக வெளிவருதல் அரிது. ஆண்டுகள் பல கழியினும் அவை அங்கேயே கிடக்கும்.

நம் வீடுகளில் உள்ள பல்லாங்குழிப் பலகையை எண்ணிப் பாருங்கள். பலகையின்மேல் புளியங்கொட்டைகளைத் தூவினால் பல உருண்டு கீழே விழுந்துவிடும். சில குழிகளில் தங்கும். பலகையை மெல்ல அசைத்தால் ஆழமில்லாத குழியில் உள்ளவை துள்ளி வெளியேறும். ஆழ்ந்த குழியில் உள்ளவை வெளியேற வேண்டுமாயின் வலிந்து குலுக்க வேண்டும். வெளியேறிய ஒவ்வொரு கொட்டையும் தரையில் விழுந்து ஓர் ஒலி எழுப்பும். அவ்வொலிகளை எண்ணினால், பலகையைப் பாராமலே குழிகளில் எத்தனை கொட்டைகள் இருந்தன என்று கூறிவிடலாமன்றோ? படிகத்தில் நிகழ்வதும் இதுவே. சூடேற்றுதல் என்பது படிகத்தின் அணுக்களைக் குலுக்குதலாகும். சிக்கியிருந்த எலெக்ட்ரான்கள் விடுபட்டு, நிலைத்த இடத்தை அடையும்போது தம்மிடமுள்ள ஆற்றலை ஒளியாக விடுகின்றன. மிகுதியான கதிர் பட்ட கல் மிகுதியாக ஒளிரும்; குறைவாகப் பட்டது குறைவாக ஒளிரும். குழிகள் வெறுமையான பின் மீண்டும் குலுக்குவதால் பயனில்லை. அதனாலேயே ஒளிர்ந்த கல் இரண்டாம் முறை ஒளிர்வதில்லை.

மணலில் மிகுந்துள்ள குவார்ட்ஸ் என்னும் படிகத்தில் இத்தகைய குழிகள் பல ஆழங்களில் உள்ளன. 110 பாகையை ஒட்டிய சூட்டில் வெறுமையாகும் குழிகளும் உண்டு. 300 பாகைக்கு மேல் சூடேறினாலன்றி வெறுமையாகாத குழிகளும் உண்டு. முன்னவை நம்பத்தக்கவையல்ல. அவற்றில் சிக்கியவை எவரும் சூடேற்றாமலே சில மணி நேரத்தில் கசிந்துவிடும். பின்னவையோ பல்லாயிரம் ஆண்டுகள் தம்பால் வந்ததைக் காக்கும். ஆகலின், நெடுங்காலச் செய்தியை நாடும் ஆய்வாளர் ஆழ்ந்த குழிகளின் ஒளியையே அளக்கின்றனர். அவ்வொளி மிகவும் நுண்ணியது, வெறுங்கண்ணால் காண்பதற்கரியது. அதனை ஒளிபெருக்கிக் குழாய் என்னும் கருவி மின்னோட்டமாக மாற்றிப் பலவாறு பெருக்கிக் காட்டுகின்றது.

இந்த உண்மையைக் கொண்டு பழம்பொருள்களின் அகவையைக் கணிக்கலாம் என 1953-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரிங்டன் டேனியல்ஸ் என்பவரும் அவர்தம் துணைவரும் கருத்துரைத்தனர். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தார் 1960-ஆம் ஆண்டை ஒட்டிய பத்தாண்டுகளில் அதனைச் செயல்முறையில் வளர்த்தனர். அம்முறை பின்வருமாறு: குயவர் வனையும் மண்ணில் குவார்ட்ஸ் மணிகள் கலந்துள்ளன. அம்மண் நிலத்துள் கிடந்த காலமெல்லாம் கதிர்களைப் பெற்று வந்தது. குயவர் கலத்தைச் சூளையில் சுடும்போது, அவ்வெப்பம் குழிகள் அனைத்தையும் துடைத்து வெறுமையாக்கிவிடுகின்றது. பழங்கணக்கு முடிந்து, அன்று முதல் புதுக்கணக்கு தொடங்குகின்றது. மண்ணிலேயே மிகச் சிறிய அளவில் கலந்துள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்களும், விண்ணிலிருந்து வரும் கதிர்களும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அக்குழிகளை நிரப்புகின்றன. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை போன்று தோரியம் மிக்க மணல் உள்ள இடங்களில் அவை விரைந்து நிரம்பும். பிற இடங்களில் மெல்ல நிரம்பும்.

ஒரு கணக்கினைக் காண்போம். ஒரு பொருளில் ஒரு கிலோகிராமுக்கு ஒரு ஜூல் ஆற்றலைக் கதிர் தந்தால், அதனை ஒரு கிரே என்பர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிகிரே. அகழ்ந்தெடுத்த ஓட்டுச்சில் ஒன்றின் ஒளியை அளந்ததில், அது பெற்ற மொத்தக் கதிரளவு 6 கிரே எனத் தெரிகின்றது எனக் கொள்வோம். அச்சில்லையும் அது கிடந்த மண்ணையும் ஆராய்ந்ததில், ஆண்டுக்கு 3 மில்லிகிரே அதற்குக் கிடைத்து வந்தது எனவும் கொள்வோம். 6,000 மில்லிகிரேயை 3-ஆல் வகுத்தால் 2,000 வரும். அக்கலம் சூளையினின்றும் வெளிவந்து 2,000 ஆண்டுகள் ஆயின. இக்கணிப்பில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பிழை நேர்வதுண்டு. ஆயினும், எழுத்தோ நாணயமோ கிடைக்காத இடத்தில் வெறும் ஓட்டுச்சில்லே காலத்தைக் கூறுமாயின், அது சிறிய உதவியன்று.

பொய்யைக் கண்டறியவும் இம்முறை துணைசெய்கின்றது. துருக்கி நாட்டில் ஹாசிலார் என்னும் மிகத் தொன்மையான ஊர் உண்டு. அவ்வூர்க் கலங்கள் எனப் பல பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் பெருஞ்செல்வர்க்கும் விற்கப்பட்டன. ஐயுற்ற அறிஞர், அவற்றுள் 66 பொருள்களிலிருந்து சிறிதளவு துகளெடுத்துச் சூடேற்றிப் பார்த்தனர். 48 பொருள்கள் அண்மைக் காலத்தில் சுடப்பட்டவை என 1971-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வடிவத்தையும் வண்ணத்தையும் போலி செய்தவர், குவார்ட்ஸ் மணியின் உள்ளிருக்கும் கணக்கைப் போலி செய்யக் கருதவில்லை.

இதுகாறும் கூறியவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல எழுதப்பட்ட கணக்குகள். இனி, நொடிப்பொழுதில் எழுதப்பட்ட கணக்கொன்றைக் காண்போம். அதனை எழுதியது இயற்கையன்று, மனிதரே.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் காலை 8 மணி 15 நிமிடத்தில், ஜப்பான் நாட்டு ஹிரோஷிமா நகரின்மேல் அமெரிக்க வானூர்தியிலிருந்து வீசப்பட்ட அணுகுண்டு, தரைக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என அந்நகரத்தார் கணக்கிட்டுள்ளனர். நெருப்பினாலும் இடிபாட்டினாலும் இறந்தோர் பலர். புறத்தே புண் ஏதுமின்றி, சில நாளிலோ சில திங்களிலோ நோயுற்று மாண்டோரும் பலர். கண்ணுக்குத் தோன்றாத காமாக் கதிர்களும் நியூட்ரான்களும் அவர்தம் உடலை ஊடுருவிச் சென்றிருந்தன. செஞ்சிலுவை மருத்துவமனையில் இருளறையில் மூடி வைத்திருந்த எக்ஸ்-கதிர்ப் படச்சுருள்கள் கறுத்துப் போயிருந்தமையே, வெடித்தது எத்தகைய குண்டு என்பதை உணர்த்திய தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

உயிர் பிழைத்தோரின் நலத்தை அறிஞர் தொடர்ந்து ஆராயலாயினர். 1950-ஆம் ஆண்டு முதலாக, ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய இரு நகரங்களையும் சார்ந்த ஏறத்தாழ 1,20,000 பேர் வாழ்நாள் முழுவதும் கவனிக்கப்பட்டனர். குருதிப் புற்றுநோய் முதலில் மிகுந்தது. பின்னர்ப் பிற புற்றுநோய்களும் மிகுந்தன. யார் நோயுற்றார் என்பதை எழுதிவைக்கலாம். ஆனால், ஒவ்வொருவரும் எவ்வளவு கதிரைப் பெற்றார் என்பதை எவ்வாறு அறிவது? அக்காலை எவர் கையிலும் அளவுகருவி இல்லை. அளவு தெரியாவிடின், எத்துணைக் கதிருக்கு எத்துணைத் தீங்கு என்னும் வினாவிற்கு விடையில்லை. அவ்விடையின்றேல், உலகில் கதிர்களோடு பணிபுரியும் எவர்க்கும் காப்பு வரையறை வகுக்க இயலாது.

அளவுகருவி இல்லை என்று கூறினோம். உண்மையில், நகரெங்கும் அளவுகருவிகள் இருந்தன. ஒவ்வொரு கூரையிலும் அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவை வீட்டுக் கூரையின் ஓடுகளே. ஓடும் சூளையில் சுட்டதன்றோ? சுட்ட அன்றே அதன் பழங்கணக்கு துடைக்கப்பட்டுவிட்டது. பின்னர்ச் சில பத்தாண்டுகளில் இயற்கை அதில் எழுதியது மிகச் சிறிது. அந்நிலையில்தான் குண்டின் காமாக் கதிர்கள் அதன்மேல் பாய்ந்தன. ஜப்பானிய அறிஞராகிய ஹிகாஷிமுரா, இச்சிக்காவா, சிடேயி என்போர் ஹிரோஷிமாவின் கூரை ஓடுகளைத் திரட்டி, வெப்ப ஒளிர்வின் வாயிலாக அவற்றின் கதிரளவைக் கண்டு 1963-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குண்டு வெடித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் ஓடுகள் தாம் கண்டதை மறக்கவில்லை.

அளக்கும் முறை எளிதன்று. முதலில் ஓட்டின் மணிகளைச் சூடேற்றி ஒளியை அளப்பர். பின்னர், அளவு தெரிந்த கதிரை அம்மணிகளுக்குத் தந்து, மீண்டும் சூடேற்றி ஒப்பிடுவர். ஓடு சுட்ட நாள் தொட்டு இயற்கை தந்த பங்கைக் கழிப்பர். குண்டினால் மூண்ட பெருந்தீயில் வெந்த ஓடு பயன்படாது. தீ அதன் கணக்கையும் துடைத்திருக்கும். வெடித்த இடத்திற்கு 2 கிலோமீட்டருக்கு அப்பால் குண்டின் பங்கு இயற்கையின் பங்கோடு ஒப்பச் சிறுத்துவிடுதலின், அங்கே பிரித்தறிதல் கடினம். இத்தனை இடர்களையும் கடந்து, ஜப்பானியரும் பிற நாட்டாரும் ஓடுகளையும் செங்கற்களையும் பன்முறை அளந்தனர். 1965-ஆம் ஆண்டில் வகுத்த பழைய கணிப்பு, ஹிரோஷிமாவில் நியூட்ரான்களின் பங்கை மிகைப்படுத்தியும் காமாக் கதிர்களின் பங்கைத் தொலைவிடங்களில் குறைத்தும் காட்டியது. 1986-ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் மீண்டும் செப்பனிடப்பட்டது. அத்திருத்தங்களை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக ஓடுகளும் செங்கற்களும் விளங்கின. வெடித்த இடத்திற்கு நேர்கீழே உள்ள நிலத்திலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவில், வெட்டவெளியில் காமாக் கதிரின் அளவு ஏறத்தாழ 4 கிரே என்பது இன்றைய கணிப்பு. உடல் முழுவதும் ஒருசேர அவ்வளவு கதிர் பெற்றவருள், மருத்துவம் இன்றேல், ஏறத்தாழப் பாதிப்பேர் இறப்பர்.

இச்செய்திக்கும் நமக்கும் உள்ள தொடர்பு யாது? மருத்துவமனைகளில் எக்ஸ்-கதிர்ப் பிரிவில் பணிபுரிவோர் தம் மார்பில் சிறிய அட்டை ஒன்றை அணிந்திருப்பதைக் காணலாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பணிபுரிவோரும் அத்தகைய அட்டையை அணிவர். அதனுள் மூன்று சிறு வில்லைகள் உள்ளன. கால்சியம் சல்பேட்டு என்னும் சேர்மத்தில் டிஸ்ப்ரோசியம் என்னும் தனிமத்தை மிகச் சிறிதளவு சேர்த்து அவ்வில்லைகள் செய்யப்படுகின்றன. அந்த வேற்றணுவே வேண்டுமென்று வைத்த குறை. குறையற்ற படிகம் எதனையும் நினைவிற் கொள்ளாது என்பதை முன்னரே கண்டோம். மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் வகுத்த இம்முறை 1975-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வழங்கி வருகின்றது. குறித்த காலத்திற்கு ஒருமுறை அட்டைகள் ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகின்றன. அங்கே வில்லைகளைச் சூடேற்றி ஒளியை அளந்து, அணிந்தவர் பெற்ற கதிரளவைக் கணக்கேட்டில் பதிகின்றனர். ஐந்தாண்டுகளின் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டு என்பதும், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படலாகாது என்பதும் நம் நாட்டில் பணியாளர்க்கு வகுத்துள்ள வரம்பு. வில்லைகளைத் துடைத்துச் செம்மை செய்தபின் மீண்டும் பயன்படுத்தலாம்; சூளையில் புதுக்கணக்கு தொடங்குவதைப் போன்றே அதுவும்.

அவ்வரம்பு எங்கிருந்து வந்தது? ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் துன்புற்றோரின் வாழ்நாள் முழுவதையும் ஆராய்ந்து பெற்ற அறிவே அதற்குப் பெரிதும் அடிப்படை. மக்கள் உற்ற நோயை மருத்துவர் எழுதினர். அவர்கள் பெற்ற கதிரின் கணிப்பு மெய்யானதென ஓடுகள் உறுதி கூறின. இரண்டும் சேர்ந்தே இன்று ஓர் எக்ஸ்-கதிர்ப் பணியாளரின் உடல்நலத்தைக் காக்கின்றன. அந்நகரத்தார் அச்சான்றைத் தாமாக விரும்பி அளித்தவரல்லர்; அவர்மேல் சுமத்தப்பட்ட துன்பத்தின் வாயிலாகவே உலகம் அதனைப் பெற்றது. எனவே, அவ்வட்டையை அலட்சியமாகக் கழற்றி வைப்பவர், பெருவிலை கொடுத்துப் பெற்ற அறிவைப் புறக்கணிப்பவராவர்.

கல்லுக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. வென்றவர்க்கென்றும் தோற்றவர்க்கென்றும் அது வேறுவேறு கணக்கு வைப்பதில்லை. தன்மேல் விழுந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் காத்து வைத்து, கேட்பார் வந்தபோது கூறுகின்றது. ஆயின், ஒருமுறையே கூறுகின்றது. கேட்பவர் கவனமின்றி இருப்பாராயின், அச்சொல் மீண்டும் வாராது. ஆதலின், சான்றைக் கையாள்வோர்க்குக் கூரிய கருவியோடு பொறுமையும் நேர்மையும் வேண்டும். அவற்றை இளமையிலேயே பயின்று கொள்ளுதல் நம் கடமையாகும்.